உருக்கும் முன் கழற்ற விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆயுள் முடிந்த வாகனங்களை அழிப்பது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கார், லாரி பற்றி விரிவாகப் பேசிய கட்டுரையில் மோட்டார் சைக்கிளுக்கு ஒரு வரிகூட இல்லை. பைக் மெக்கானிக் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

சட்டங்களும் இருசக்கர வாகனத்தைத் தாமதமாகத்தான் கவனிக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2000-இல் கொண்டுவந்த உத்தரவு, 2015 முதல் ஒரு காரின் எடையில் சராசரியாக 95 சதவீதம் மறுபயன்பாட்டுக்கோ மீட்புக்கோ (உருக்கியோ எரித்தோ பயன் எடுப்பது) போக வேண்டும் என்றது. மோட்டார் சைக்கிள் அதில் இல்லை. 2023-இல் முன்மொழிந்த புதிய விதியில்தான் சேர்த்தார்கள். ஆனால் எடையை மட்டும் அளந்தால் போதாது. பைக்கில் பெரும்பகுதி இரும்பும் அலுமினியமும்தான். அப்படியே நசுக்கி உலையில் போட்டாலும் எடைக் கணக்கு ஏறக்குறைய நேராகிவிடும்.

என் வருத்தமே அதுதான். இரும்பு லைனர் (உள் உறை) உள்ள சிலிண்டர் தேய்ந்துவிட்டால், லேத்தில் கொடுத்து போர் போட்டு (உள்துளையைக் கடைந்து சற்று அகலமாக்கி), கால் மில்லிமீட்டர் பெரிய பிஸ்டனை மாட்டினால் எஞ்சின் மறுபடி ஓடும். அதுவும் தேய்ந்தால் அரை மில்லிமீட்டர். எஞ்சினின் கீழ்க்கூடான கிராங்க் கேஸில் மரை போயிருந்தால் கம்பிச்சுருள் மரை வைத்து அதே போல்ட்டை முறுக்கலாம். பழைய அலுமினியத்தை உருக்கி எடுக்க, தாதுவிலிருந்து எடுப்பதற்கு ஆவதில் சுமார் 5 சதவீத ஆற்றல் போதும் என்பது உண்மை. ஆனால் வார்த்து, கடைந்து, துளையிட்ட பாகத்தை அப்படியே வேறு வண்டியில் மாட்டினால் அந்த 5 சதவீதமும் தேவையில்லை.

அதற்காகக் கழற்றுகிறவர்கள் செய்வதெல்லாம் சரி என்று சொல்ல மாட்டேன். எஞ்சின் ஆயில், முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் ஆயில், பேட்டரி அமிலம் எல்லாவற்றையும் மண்ணில் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். தாமிரத்துக்காக வயரிங்கைக் கொளுத்துகிறார்கள். பிவிசி உறை எரிந்தால் டையாக்சின் என்ற கொடிய நச்சு கிளம்பும். பழைய பிரேக் ஷூவில் நுரையீரலைக் கெடுக்கும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். டிரம்மைக் கழற்றியதும் ஏர் அடித்துத் தூசியை ஊதுவது எங்கள் தொழிலில் பழகிப்போன வேலை. அந்தத் தூசி நேரே நெஞ்சுக்குள் போகிறது. நனைத்துத் துடைக்க வேண்டும் என்று வேலை பழகும் பையன்களுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை.

விதி எழுதுகிறவர்கள் வேலையின் வரிசையை முதலில் எழுத வேண்டும். எண்ணெயும் பேட்டரியும் முதலில் வெளியேறட்டும், அப்புறம் நல்ல பாகங்கள் பிரியட்டும், மிச்சம் உலைக்குப் போகட்டும். சிறு பட்டறைகளுக்கும் இதற்கு உரிமம் வேண்டும். வடித்த எண்ணெயை முறையாக எடுத்துப்போக வண்டி வராவிட்டால் அந்த உரிமத்தால் பயனில்லை. சேசிஸ் நம்பரைப் பதிந்த பிறகு அந்தப் பகுதியை வெட்டி அழிக்க வேண்டும். இல்லையென்றால் திருட்டு வண்டிக்கு அதுவே முகவரியாகிவிடும். விபத்தில் வளைந்த ஃபோர்க்கையும் விரிசல் விட்ட வீலையும் பாலிஷ் போட்டு விற்பது உயிரோடு விளையாடுவது. அவற்றுக்குக் கண்டிப்பான தடை வேண்டும்.

நிறுவனங்கள் ஒரு மாடலை நிறுத்திச் சில ஆண்டுகளில் புது உதிரிபாகமும் நின்றுவிடுகிறது. அந்த வண்டியை ஓட்டுகிறவருக்குக் கழற்றிய பாகத்தை விட்டால் வேறு வழியில்லை. சோதித்து, எந்த வண்டியிலிருந்து வந்தது என்று சீட்டு ஒட்டிய பாகத்தைக் கழிவுப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும்.

இப்படிக்கு,
இருசக்கர வாகன மெக்கானிக் ஒருவர்