மார்க் ஷீட்டோடு ஒரு கடிதம்

ஈரோடு

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. பாப்பாவுக்குச் சளி விட்டதா?

போன வாரம் மருமகள் போன் செய்து, உன் பிளஸ் டூ மார்க் ஷீட் ஒரிஜினல் எங்கே இருக்கிறது என்று கேட்டாள். அட்டெஸ்டேஷனுக்கு வேண்டுமாம். எதற்கு என்று அம்மாவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. உன் மாமா மஸ்கட்டுக்கு வேலைக்குப் போனபோது சான்றிதழில் அந்தச் சீல் வாங்க அலைந்தவன் நான்தானே, எனக்குத் தெரியாதா? மார்க் ஷீட் இந்தக் கவரிலேயே இருக்கிறது. மடங்காமல் இருக்க இரண்டு பக்கமும் அட்டை வைத்திருக்கிறேன்.

நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வேறு வருத்தம் எனக்கு ஒன்றுமில்லை.

இல்லை, இருக்கிறது. ஏழு வருட சீனியாரிட்டியை விட்டுவிட்டுப் போகிறாயே தம்பி. இன்னும் கொஞ்ச நாளில் கோ-பைலட்டின் வலது சீட்டிலிருந்து கேப்டனின் இடது சீட்டுக்குப் போயிருப்பாய். தோளில் நாலு கோடு ஏறியிருக்கும். புதுக் கம்பெனியில் சீனியாரிட்டி லிஸ்டின் கடைசிப் பெயர் உன்னுடையதாக இருக்கும். எந்த ஊர் பேஸ், எந்த மாதம் லீவு, எப்போது கேப்டன் பதவி, எல்லாமே அந்த நம்பர்தான் என்று நீதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாய். விமானமும் வேறு என்றால் மறுபடி சிமுலேட்டர் பயிற்சி, இத்தனை வருடம் விலகமாட்டேன் என்று மறுபடி பாண்டு. முப்பத்து நான்கு வருடம் ரயில் ஓட்டிய நான் ஒரே இன்ஜின் ஷெட்டில் இருந்தது அந்த நம்பரைக் காப்பாற்றத்தான்.

அப்படியே போவதானாலும் நோட்டீஸ் காலத்தை முடித்துவிட்டுப் போ. கேப்டனுக்கு ஒரு வருடம், கோ-பைலட்டுக்கு ஆறு மாதம் என்று விமானத் துறையைக் கட்டுப்படுத்தும் டிஜிசிஏ 2017-லேயே சொல்லிவிட்டது. 2023-ல் ஆகாசா ஏர் கம்பெனியிலிருந்து 43 பைலட்டுகள் நோட்டீஸ் முடிக்காமல் கிளம்பியதும், கம்பெனி டெல்லி ஹைகோர்ட்டுக்குப் போனதும் பேப்பரில் வந்தது. வெட்டி வைத்திருக்கிறேன். டியூட்டிக்கு நான் எடுத்துப்போன லைன் பாக்ஸ் பெட்டியில் இப்போது கொடியும் டார்ச்சும் இல்லை, உன் தொழில் பற்றிய பேப்பர் துண்டுகள்தான். 2024 ஏப்ரலில் விஸ்தாரா விமானக் கம்பெனி பைலட்டுகள் உடம்பு சரியில்லை என்று உட்கார்ந்த செய்தியும் அதில் இருக்கிறது. மாதம் 70 மணி நேரப் பறப்புக்கு உறுதியாக இருந்த சம்பளத்தை 40 மணிக்கு என்று ஆக்கினால் யாருக்குத்தான் பொறுக்கும். ஜெட் ஏர்வேஸ் செய்தியும் இருக்கிறது. 2019 ஏப்ரல் 17, அமிர்தசரஸிலிருந்து மும்பைக்குக் கடைசி விமானம். இருபது வருடம் அங்கே இருந்த கேப்டன்கூட அடுத்த கம்பெனியில் லிஸ்டின் அடியில் போய்த்தான் நின்றிருப்பார். அதைப் படிக்கும்போதெல்லாம், நான் உனக்குச் சொல்லும் புத்தி சரிதானா என்று சந்தேகம் வருகிறது. ஆனாலும் சொல்கிறேன், நோட்டீஸை முடித்துவிட்டுப் போ.

காசுக்காகத்தான் போகிறான், வளைகுடாவில் சம்பளத்துக்கு வரி கிடையாது என்று சித்தப்பா சொல்கிறார். காசுக்காகப் போனாலும் தப்பில்லை. உன் படிப்புக்காக முத்தூர்க் காட்டை விற்றதற்கு நீ இன்னும் மனதுக்குள் கணக்கு வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். அந்தக் கணக்கை மூடிவிடு. நீ முதல் தடவை கோயமுத்தூரில் இறங்கியபோது யூனிஃபார்மோடு எடுத்த போட்டோதான் இன்றைக்கும் நம் வீட்டு ஹாலில் இருக்கிறது. யார் வந்தாலும் முதலில் அதைத்தான் காட்டுகிறேன்.

ஆனால் காசு இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

தீபாவளிக்கு வந்தபோது சமையல்கட்டில் அம்மாவிடம் ஒன்று சொன்னாய். அதிகாலை மூன்று மணிக்கு எங்கேயோ இறங்கினாயாம், இறங்கியதே ஞாபகம் இல்லையாம், பார்க்கிங்கில் நின்ற பிறகுதான் தெரிந்ததாம். சொல்லிவிட்டுச் சிரித்தாய். அதிரசம் கேட்டாய். நான் இந்தப் பக்கம் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், எனக்குக் கேட்டது. அன்றைக்குத் திண்ணையில் உனக்கு வைத்த டீயில் ஆடை படிந்து கிடந்தது. நீ விழித்துக்கொண்டுதான் இருந்தாய், தெருவைப் பார்த்தபடி.

பைலட்டுகளுக்கு வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 ஆகிறது, ராத்திரி லேண்டிங் ஆறிலிருந்து இரண்டாகக் குறைகிறது என்று படித்தபோது எவ்வளவு சந்தோஷப்பட்டேன். 2025 டிசம்பரில் அதற்குப் போதுமான பைலட் இல்லாமல் விமானங்கள் ரத்தாகி, ஜனங்கள் பெட்டியைத் தலைக்கு வைத்துத் தரையில் படுத்திருந்ததை டிவியில் பார்த்தோம். ராத்திரி விதியைக் கொஞ்ச நாளைக்குத் தளர்த்திவிட்டார்கள் என்று மறுநாள் செய்தி. உனக்குப் போன் செய்தேன், நீ எடுக்கவில்லை.

இனி எழுதப்போவது அம்மாவுக்கே தெரியாது.

1997, மார்கழி. தொடர்ந்து மூன்றாவது ராத்திரி டியூட்டி. ஜோலார்பேட்டையிலிருந்து சரக்கு வண்டி. மொரப்பூர் தாண்டி பொம்மிடிக்கு முன்னால் மஞ்சள் சிக்னல். அசிஸ்டென்ட் டிரைவர் கையை நீட்டி ‘எல்லோ’ என்றார். நானும் ‘எல்லோ’ என்று திருப்பிச் சொன்னேன். சொன்னேன் என்று பிற்பாடு அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அடுத்த சிக்னல் சிவப்பு. கத்தினார். என்னிடமிருந்து பதில் இல்லை. கண் திறந்துதான் இருந்ததாம். பாய்ந்து வந்து, பிரேக் கைப்பிடியில் கிடந்த என் கையின் மேலேயே தன் கையை வைத்து இழுத்தார். காற்று சீறிய சத்தத்தில்தான் நான் முழித்தேன். சிக்னல் கம்பத்துக்கும் இன்ஜினுக்கும் நடுவே ஒரு வேகன் நிற்க இடமிருக்காது. சேலத்தில் வண்டியின் கார்டு வந்து கேட்டபோது, மாடு குறுக்கே வந்துவிட்டது என்றேன். அந்த அசிஸ்டென்ட் சாகும்வரை அதை மாற்றிச் சொல்லவில்லை.

நான் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். இன்ஜினை விட்டு இறக்கிவிடுவார்களோ என்று பயம். அடுத்த ராத்திரி, டியூட்டிக்குக் கூப்பிடும் ‘கால் பாய்’ வந்து கதவைத் தட்டினான், புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுக் கிளம்பிவிட்டேன். அதற்கு நடுவில் பகலில் படுத்திருந்தபோது நீ தட்டில் கரண்டியால் தட்டி விளையாடினாய். உனக்கு நாலு வயது. எழுந்து வந்து அடித்தேன். அதற்குப் பிறகு நான் படுத்திருக்கும்போது நீ சத்தம் போட்டு விளையாடியதே இல்லை. ‘அப்பா தூங்கறாங்க’ என்று பாப்பாவிடம் நீ மெதுவாகச் சொல்வாயே, அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கரண்டிதான் ஞாபகம் வருகிறது.

அதனால் கேட்கிறேன் தம்பி. வளைகுடாவிலும் பாதி விமானம் நடுராத்திரியில்தான் கிளம்புகிறது. ‘இன்றைக்கு என்னால் முடியாது’ என்று ஒரு பைலட் சொன்னால் அங்கே என்ன செய்வார்கள்? அங்கே இருக்கிற நம் ஆட்கள் இரண்டு பேரிடம் கேள். கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடு. சம்பளத்தை அப்புறம் பேசிக்கொள்ளலாம். சீனியாரிட்டி பற்றி மேலே எழுதியதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.

கிளம்புவதற்கு முன்னால் நாலு நாள் இங்கே வந்துவிட்டுப் போ. நான் பகலில் தூங்குவதற்கு அம்மா ஜன்னலில் கட்டுவாளே, அந்தக் கறுப்புத் துணியைப் பரணிலிருந்து இறக்கித் துவைத்து மாடி அறையில் கட்டிவிட்டாள். எதற்கு என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அன்புடன்,
அப்பா

மார்க் ஷீட் கிடைத்ததும் போன் செய். நோட்டீஸ் விஷயம் மறக்காதே.