தம்பிக்கு அம்மா எழுதுவது

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய வெள்ளை நரியின் படம் வந்தது. கூட ஒரு வரிகூட எழுதவில்லை. சரி, வேலை இருந்திருக்கும்.

இங்கே சம்பா பால் பிடித்து நிற்கிறது. வடக்கு வயலில் நின்ற தண்ணீர் வடிந்துவிட்டது. சித்தப்பா வீட்டு விஷயம் அப்படியேதான் கிடக்கிறது, நேரில் பேசிக்கொள்ளலாம்.

படத்தை அப்பாவிடம் காட்டினேன். "நரி முகத்தில் முழிச்சிருக்கான், நல்லதுதான்" என்றார். அவராக வாய் திறந்து உன்னைப் பற்றிப் பேசி ரொம்ப நாளாகிவிட்டது. நீ போன் பண்ணினால் டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருப்பார். இது உனக்குத் தெரியாது.

எட்டாம் வகுப்புக்கு வருஷா வருஷம் தகவமைப்புப் பாடம் நடத்தியவள் நான். பனிக்கரடி, ஒட்டகம் என்று போர்டில் வரைவேன். நரி நீ இருக்கிற ஊரிலேயே நடமாடுகிறது என்றதும் உட்கார்ந்து படித்தேன். நார்வேக்கு வடக்கே நீ இருக்கிற ஸ்வால்பார்டு தீவுகளில் ஐப்பசியில் மறைகிற சூரியன் மாசியில்தான் திரும்ப வருமாம். அந்த இருட்டில் மூன்று, நான்கு கிலோ எடையுள்ள ஒரு பிராணி எப்படிப் பிழைக்கிறது?

படத்தைப் பெரிதாக்கிப் பார். காது சின்னதாக, வட்டமாக, ரோமத்தில் பாதி புதைந்து இருக்கிறது. மூக்கும் குட்டை, காலும் குட்டை. உடம்பில் வெளியே நீட்டிக்கொண்டிருப்பது எவ்வளவு குறைவோ, அவ்வளவு சூடு மிச்சம். உள்ளங்காலிலும் ரோமம் உண்டு. காலுக்கு இறங்கும் சூடான ரத்தம், பாதத்திலிருந்து ஏறி வரும் குளிர்ந்த ரத்தத்துக்குப் பக்கத்திலேயே போகிறது. போகிற வழியில் தன் சூட்டை அதற்குக் கொடுத்துவிடுகிறது. அதனால் பாதம் உறையாத அளவுக்கு மட்டும் சூடாக இருக்கும், உடம்பின் சூடு பனியில் வீணாவதில்லை. இதை வகுப்பில் சொல்லியிருந்தால் பிள்ளைகள் எவ்வளவு ரசித்திருப்பார்கள்! மைனஸ் 70 டிகிரி வரைக்கும் அதற்கு நடுக்கமே வராதாம்.

ஆனால் ரோமம் மட்டும் போதாது தம்பி. குளிர் வருவதற்கு முன்னாலேயே அது தின்று கொழுத்துவிடுகிறது. உங்கள் பக்கத்துக் கோடையில் கடற்பறவைகளும் முட்டைகளும் ஏராளமாகக் கிடைக்குமே, அப்போதே பிடித்து மண்ணிலும் பாறை இடுக்கிலும் ஒளித்து வைக்கிறது. நம் வயல் எலி வளைக்குள் கதிரைச் சேர்ப்பது மாதிரிதான். நீயோ நவராத்திரிக்கு அனுப்பிய படத்தில் இருந்ததைவிட இப்போது இளைத்திருப்பாய் என்று தோன்றுகிறது. படம் இல்லாமல் எப்படித் தெரியும் என்பாய். குரலிலேயே தெரிகிறது. வேளைக்குச் சாப்பிடு. ரொட்டியை மட்டும் கடித்துவிட்டுப் படுக்காதே. ஒரு கை அரிசி வைக்க எவ்வளவு நேரம் ஆகும்?

இன்னொன்று. அந்த நரிகளுக்கும் வெறிநோய் வருவது உண்டாம். அழகாக இருக்கிறது என்று கிட்டே போகாதே, கையில் எதையும் நீட்டாதே. நரி இடம் போனால் என்ன, வலம் போனால் என்ன, மேலே விழுந்து பிடுங்காமல் இருந்தால் சரி. ஊர் எல்லை தாண்டித் தனியாகப் போகவே கூடாது, கரடி வரும்.

உன் தீவிலிருந்து ஒரு பெண் நரி கனடாவுக்கே நடந்து போயிருக்கிறதே, தெரியுமா? 2018, நமக்குக் கஜா அடித்த வருஷம். ஒரு வயதுகூட ஆகாத குட்டி. கடல் மேல் உறைந்த பனியிலும் கிரீன்லாந்தின் பனிப்பரப்பிலும் 76 நாளில் 3,506 கிலோமீட்டர். ஒரே நாளில் 155 கிலோமீட்டர்கூடப் போயிருக்கிறது. படிக்கும்போது எனக்கு உன் நினைப்புதான். நம் தெருவில் யார் அவ்வளவு வடக்கே போனார்கள்? பாமணி ஆற்றங்கரையில் நின்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! ஆனால் வழியில் இரண்டு இடத்தில் அந்த நரியின் வேகம் ரொம்பக் குறைந்திருக்கிறது. வானிலை மோசமாகிப் பனிக்குள் சுருண்டு படுத்திருக்கலாம், இரை கிடைத்திருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அவ்வளவு தூரம் போனதும் படுத்துத்தான் எழுந்திருக்கிறது. அதற்காக அதை யாரும் குறை சொல்லவில்லை. அங்கே வேலை ஒத்துவரவில்லை என்றாலும், வேறு ஏதாவது என்றாலும், நாங்களும் சொல்ல மாட்டோம்.

அது இருக்கும் இடத்தைக் காட்ட அதன் கழுத்தில் கட்டியிருந்த கருவி 2019 பிப்ரவரியில் நின்றுபோனதாம். கருவிதான் நின்றது, நரி எப்படி இருந்தது என்று யாருக்கும் தெரியாது. அதைப் படித்த ராத்திரி தூக்கம் வரவில்லை. நீ வாரம் தவறாமல் "நல்லா இருக்கேன்மா" என்கிறாய், உடனே வைத்துவிடுகிறாய். வீடியோ போட்டால் நெட் சரியில்லை என்கிறாய். படம் அனுப்ப மட்டும் நெட் இருக்கிறதா?

போன பொங்கலுக்கும் வரவில்லை, இந்தப் பொங்கலுக்கும் இல்லை என்றாய். வா என்று நச்சரிக்க மாட்டேன். டிக்கெட்டுக்குப் பணம் கேட்கக் கூச்சப்படாதே, நெல் விற்றதும் அனுப்ப முடியும். அந்த நரிகளில் குட்டிகளுக்குத் தாயும் தகப்பனும் சேர்ந்தேதான் இரை கொண்டு வரும். அப்பாவும் அப்படித்தான், வாயால் சொல்ல வராது, அவ்வளவுதான்.

பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் கட்டி வைத்திருக்கிறேன். எந்த முகவரிக்கு அனுப்புவது? பழைய இடத்திலேயே இருக்கிறாயா, இல்லையா? அதை மட்டுமாவது எழுது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீடியோவில் வா. அப்பாவையும் பக்கத்தில் உட்கார வைக்கிறேன்.

அன்புடன்,
அம்மா