இடி இடித்தால் போட்டியை நிறுத்துங்கள்: நரி வேட்டைப் போட்டிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய போட்டிக் குழுவினருக்கு,

வணக்கம்.

போன வானொலி நரி வேட்டைப் போட்டியில் நடந்தது எல்லாம் உங்களுக்குத் தெரியும். மழை எப்போது பிடித்தது, இடி எப்போது நெருங்கியது, யார் எந்தக் கோலத்தில் திரும்பி வந்தார்கள் என்பதை முடிவிடத்துக் கூடாரத்திலிருந்து நீங்களே பார்த்தீர்கள். அதனால் அந்தக் கதையை முதலிலிருந்து சொல்லப்போவதில்லை. என்னை எழுத வைத்தது மறுநாள் வந்த முடிவுப் பட்டியலில் இருந்த ஒரு வரி.

முதன்முறையாக ஓட வந்த ஒரு மாணவி மூன்று நரிகளை, அதாவது காட்டில் ஒளித்து வைத்த டிரான்ஸ்மிட்டர்களை, கண்டுபிடித்திருந்தார். நான்காவதை நோக்கிப் போகும்போது இடி தலைக்கு மேலே வந்துவிட்டது. மேட்டிலிருந்து இறங்கி, தாழ்வான இடத்தில் புதர்களுக்கு நடுவே குந்தி உட்கார்ந்திருக்கிறார். இடி ஓய்ந்த பிறகு எழுந்து வந்திருக்கிறார். அதற்குள் காலவரம்பு முடிந்துவிட்டது. பட்டியலில் அவர் பெயருக்கு நேரே இடமும் இல்லை, புள்ளியும் இல்லை. கேட்டதற்கு, "மழையும் வெயிலும் விளையாட்டில் ஒரு பகுதிதான். விதி எல்லோருக்கும் ஒன்றுதான்" என்று பதில் வந்தது.

மழை விளையாட்டின் பகுதிதான், ஒத்துக்கொள்கிறேன். மின்னல் அப்படி அல்ல. அதனால் நான் கேட்பது இதுதான்: மின்னல் நெருங்கினால் போட்டியை நிறுத்த வேண்டும் என்று எழுத்தில் ஒரு விதி கொண்டுவாருங்கள். நிறுத்தியதைக் காட்டுக்குள் இருப்பவர்களுக்குத் தெரிவிக்க ஒரு வழி செய்யுங்கள். உயிருக்குப் பயந்து ஒதுங்கியவரைத் தோற்றவராக எழுதாதீர்கள்.

நம் விளையாட்டைப் பற்றித் தெரியாதவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் கொஞ்சம் விளக்குகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். காட்டுக்குள் ஐந்து சிறிய டிரான்ஸ்மிட்டர்களை ஒளித்து வைப்பார்கள். அவற்றைத்தான் நரி என்கிறோம். ஐந்துக்கும் ஒரே அலைவரிசை. ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் மோர்ஸில், அதாவது கோடு எனும் நீண்ட ஒலியும் புள்ளி எனும் குறுகிய ஒலியும் கலந்த குறியில், கூவும், பிறகு நான்கு நிமிடம் வாய் திறக்காது. கையில் ரிசீவர், காதில் ஹெட்போன், வரைபடம், திசைகாட்டி, இவற்றை வைத்துக்கொண்டு ஓடித் தேட வேண்டும். அதிக நரிகளைக் குறைந்த நேரத்தில் பிடித்தவர் முதலிடம். காலவரம்பைத் தாண்டி வந்தால் பிடித்தது எத்தனையானாலும் கணக்கில் வராது.

அந்த நான்கு நிமிட மௌனத்தைப் பற்றித்தான் கொஞ்சம் பேச வேண்டும். மற்ற ஓட்டப் போட்டிகளில் மழை பெய்தாலும் ஓடுகிறவர் ஓடிக்கொண்டே இருப்பார், உடம்பில் சூடு இருக்கும். நமக்கு அப்படி இல்லை. நரி பக்கத்தில்தான் இருக்கிறது என்று தெரிந்து வேகமாகப் போகும்போது சத்தம் நின்றுவிடும். அடுத்த அடியை எந்தப் பக்கம் வைப்பது? தவறான திசையில் போனால் பிடித்து வைத்த திசைக் கோடும் போய்விடும். அதனால் பல நேரங்களில் நிற்கத்தான் வேண்டும். வியர்வையிலும் மழையிலும் நனைந்த சட்டை முதுகோடு ஒட்டியிருக்க, காற்று அடிக்க, கையைக் காலை அசைக்காமல் அடுத்த முறை அது கூவும்வரை நிற்க வேண்டும். ஓடிய சூடு எல்லாம் அந்த நேரத்தில் இறங்கிவிடும். விரல் விறைத்துப்போய், சிக்னலின் வலுவைக் குறைக்கும் குமிழைத் திருப்பினால் எவ்வளவு திரும்பியது என்றே தெரியாது. வரைபடம் மடிப்புகளில் கிழிய ஆரம்பிக்கும். நாம் அன்று ஓடியது 3.5 மெகாஹெர்ட்ஸ் பட்டை. அந்த ரிசீவரில் ஆன்டெனாவாக இருக்கும் சுருளோ ஃபெரைட் தண்டோ தனியாக நரி இருக்கும் கோட்டை மட்டுமே காட்டும். முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று சொல்லாது. அதைச் சொல்வது பக்கத்தில் நிற்கும் குட்டி ஆன்டெனாவும் அதற்கான பொத்தானும்தான். அந்தப் பொத்தானுக்குள் தண்ணீர் இறங்கிவிட்டால் முன்னும் பின்னும் ஒன்றாகிவிடும். பிளாஸ்டிக் உறை போட்டுக் கட்டியும் தண்ணீர் புகுந்த ரிசீவர்களை அன்று முடிவிடத்தில் நீங்களும் பார்த்தீர்கள்.

இவை எதையும் குறையாகச் சொல்லவில்லை. இதற்கெல்லாம் தயாராகித்தான் வருகிறோம். ஈரக் காட்டில் இன்னொரு பட்டையான 144 மெகாஹெர்ட்ஸின் அலை நனைந்த மரங்களில் பட்டுத் திரும்பி நான்கு பக்கமும் நரி இருப்பதுபோல் காட்டும். அதில் உண்மையான திசையைப் பிரித்தெடுப்பது ஒரு திறமை, அந்தத் திறமைக்குப் பரிசு கொடுங்கள். மழையில் ஓடியதற்காக யாரும் உங்கள் மேல் வருத்தப்படவில்லை.

ஆனால் அன்று ஹெட்போனில் நாங்கள் கேட்டது நரியின் மோர்ஸை மட்டுமல்ல. ஒவ்வொரு மின்னலும் 3.5 மெகாஹெர்ட்ஸில் 'சடார்' என்று விழும். இலை மூடிய அடர்த்தியில் வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் காதுக்குத் தெரிந்துவிடும். அந்தச் சத்தத்திலிருந்து இடி கேட்கும்வரை மனதுக்குள் எண்ணலாம். ஒலி ஒரு கிலோமீட்டர் வர ஏறக்குறைய மூன்று விநாடி ஆகும். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது, உடனே பாதுகாப்பான இடத்துக்குப் போக வேண்டும், கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் ஆகும்வரை வெளியே வரக் கூடாது. வெட்டவெளியில் விளையாடுகிற பலரும் பின்பற்றிய எளிய கணக்கு இது. அன்று அந்த எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. முப்பதுக்குப் பக்கத்தில் தொடங்கி, பத்தாகி, கடைசியில் எண்ணவே நேரம் இல்லாமல் போனது.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது, மன்னிக்கவும். நரிகள் ஒழுங்காகக் கூவுகின்றனவா என்று பார்க்க முடிவிடத்திலும் ஒரு ரிசீவர் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் காதில் விழுந்த அதே சடார் உங்கள் காதிலும் விழுந்திருக்கும். இடி திடீரென்று வந்துவிட்டது என்று வேறு விளையாட்டை நடத்துகிறவர்கள் சொல்லலாம். வானொலிக்காரர்களான நாம் சொல்ல முடியுமா?

அப்புறம் இன்னொன்று. நல்ல திசை வேண்டும் என்றால் மேடான, திறந்த இடத்தில் போய் நிற்க வேண்டும். மின்னலுக்குத் தப்ப வேண்டும் என்றால் மேட்டையும் திறந்த வெளியையும் தனி மரத்தையும் விட்டு விலக வேண்டும். கையில் உள்ள உலோகம் மின்னலை இழுத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. உயரமும் தனித்து நிற்பதும்தான் ஆபத்து. ஜெயிக்க நினைப்பவர் போகும் இடமும் மின்னல் இறங்க வாய்ப்புள்ள இடமும் நம் விளையாட்டில் ஒன்றாக இருக்கின்றன. போதாததற்கு, தேடிப் போகும் நரியின் ஆன்டெனா மரத்திலிருந்து செங்குத்தாகத் தொங்கும் கம்பி. கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது போட்டியாளர் எந்தப் பக்கம் போவார் என்பதை விதிதான் தீர்மானிக்கிறது. நேற்றுவரை உள்ள விதி அவரை மேட்டுக்குத்தான் அனுப்புகிறது. இறங்கி உட்கார்ந்தவரைப் பட்டியலிலிருந்து நீக்குகிறது.

"வேண்டாம் என்று தோன்றியிருந்தால் அவரவர் விலகியிருக்கலாமே" என்று குழுவில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். குளிரில் உடம்பு வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கும்போது நடுக்கத்தோடு யோசனையும் தடுமாறத் தொடங்கும். தன் நிலை மோசமாகிறது என்று அவருக்கே தெரியாது. அந்த நிலையில் இருப்பவரிடம் முடிவை விடக் கூடாது. 2021 மே மாதம் சீனாவின் கான்சு மாகாணத்தில் நடந்த 100 கிலோமீட்டர் மலை ஓட்டம் நினைவிருக்கும். நடுவழியில் குளிர்காற்றும் மழையும் ஆலங்கட்டியும் தாக்கி 21 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் நாட்டின் தலைசிறந்த நெடுந்தொலைவு ஓட்டக்காரர்களும் இருந்தார்கள். அனுபவம் இருந்தால் தப்பித்துவிடலாம் என்ற பேச்சு அந்த மலையோடு முடிந்திருக்க வேண்டும். நம்மிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள்.

தொடக்கத்திலிருந்து முதல் நரி 750 மீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும், நரிக்கும் நரிக்கும் இடையே 400 மீட்டராவது இருக்க வேண்டும் என்ற சர்வதேச விதியை நீங்கள் அளந்து பார்த்துக் கடைப்பிடிக்கிறீர்கள். பாராட்டுகிறேன். அனுமதிக்காத கருவி ஏதாவது இருக்கிறதா என்று பையைத் திறந்து பார்க்கிறீர்கள். அதுவும் சரிதான். இவ்வளவு கவனம் உள்ள குழுவுக்கு, இடி விழும் நேரத்தில் யார் முடிவெடுப்பது என்று ஒரு வரி எழுத இத்தனை காலம் ஏன் ஆகிறது? கூட்டத்துக்குக் கூட்டம் இளையவர்கள் இந்தப் பக்கம் வருவதில்லை என்று பேசுகிறோம். வானொலியில் ஆர்வம் போய்விட்டது, எல்லோரும் கைபேசியிலேயே மூழ்கிவிட்டார்கள் என்கிறோம். வந்த பிள்ளையை நாம் எப்படி நடத்தினோம்? அந்த மாணவி தன் ரிசீவரைத் தானே பற்றவைத்துக் கட்டியவர். ஆர்வத்துக்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? பதக்க மேடைக்கும் பேச்சுகளுக்கும் ஒதுக்குகிற நேரத்தில் கொஞ்சத்தை இதற்கு ஒதுக்கியிருக்கலாம். வானிலையைக் காரணம் காட்டி நிறுத்தினால் ஆதரவாளர்கள் என்ன நினைப்பார்கள் என்ற கவலை உங்களுக்கு இருப்பதும் புரிகிறது. ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தால் அவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்?

சரி, கேட்க வந்ததற்கு வருகிறேன்.

போட்டி நேரத்தில் கைபேசியைத் தொடக் கூடாது என்பது விதி. நியாயமான விதி. அப்படியானால் செய்தி சொல்ல வேறு வழியை நீங்கள்தான் தர வேண்டும். வாகன ஹாரன் அன்றைய மழையில் காட்டுக்குள் கேட்கவே இல்லை. ஆனால் வழி நம்மிடமே இருக்கிறது. முடிவிடத்தில் வேறு அலைவரிசையில் எம்ஓ என்று விடாமல் ஒலிக்கும் பீக்கன், அதாவது முடிவிடத்துக்கு வழிகாட்டும் டிரான்ஸ்மிட்டர், உங்கள் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. நரிகளின் குறிகள் எம்ஓஇ, எம்ஓஐ, எம்ஓஎஸ், எம்ஓஎச், எம்ஓ5. எல்லாமே கோடுகளில் தொடங்கி ஒன்று முதல் ஐந்து புள்ளிகளில் முடிகின்றன. பீக்கனில் எம்ஓவை நிறுத்திவிட்டு, கோடே இல்லாமல் இடைவிடாத புள்ளிகளாக அனுப்பினால் அதை வேறு எதுவாகவும் யாரும் நினைக்க முடியாது. மோர்ஸ் தெரியாத புதியவருக்கும் புரியும். வானம் இருண்ட நாளில் ஒவ்வொரு ஐந்து நிமிடச் சுற்றிலும் ஒருமுறை பீக்கனைக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று புறப்படும் முன்பே சொல்லிவிடுங்கள். காத்து நிற்கும் அந்த நான்கு நிமிடத்தில் அதற்கு நேரம் உண்டு. இதற்குப் புதிய கருவி வேண்டாம், பணம் வேண்டாம்.

முடிவைக் கணக்கிடுவதும் சிரமமில்லை. ஒவ்வொரு நரியிலும் நாங்கள் பதிக்கும் மின்னணுக் குச்சியில் நேரம் பதிவாகிறது. நிறுத்தக் குறி கொடுத்த நேரத்துக்கு முன் பதிந்தவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஐந்து ஐந்து நிமிட இடைவெளியில் புறப்படுவதால் கடைசியில் போனவருக்கு இதில் அநியாயம் நேரும், உண்மைதான். அப்படிப்பட்ட நாளில் போட்டியை ரத்து செய்துவிடுங்கள். இன்னொரு நாள் ஓடிக்கொள்கிறோம்.

உங்கள் உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. விடியும் முன்னே காட்டுக்குள் போய் நரிகளைக் கட்டிவிட்டு வருகிறவர்கள் தன்னார்வலர்கள்தான். போட்டி முடிந்து நாங்கள் உடை மாற்றிய பிறகும், அதே மழையில் திரும்பப் போய் அவற்றை அவிழ்த்து வருகிறவர்களும் அவர்களே. இடி நிற்கும்வரை அவர்களையும் அனுப்பக் கூடாது என்று அந்த விதியில் ஒரு வரி சேர்க்க வேண்டும்.

தயவுசெய்து இதைச் செய்யுங்கள்: அந்த மாணவி பிடித்த மூன்று நரிகளையும் கணக்கில் சேர்த்து முடிவுப் பட்டியலைத் திருத்தி வெளியிடுங்கள். மின்னல் நிறுத்த விதியை எழுதி, எப்போது நிறுத்துவது, யார் நிறுத்துவது, எந்தக் குறியால் தெரிவிப்பது, முடிவை எப்படிக் கணக்கிடுவது என்பதை அடுத்த போட்டி அறிவிப்போடு சேர்த்து அனுப்புங்கள். வரைவு எழுத உதவி வேண்டுமென்றால் நானும் இன்னும் சில போட்டியாளர்களும் உட்கார்ந்து எழுதித் தரத் தயார். பீக்கன் குறியை ஒருமுறை காட்டில் சோதித்துப் பார்க்கவும் வருகிறோம்.

அந்த விதி கைக்கு வரும்வரை அடுத்த போட்டிக்கு என் பெயரைப் பதிவு செய்யப்போவதில்லை. என்னோடு பயிற்சி எடுக்கும் பிள்ளைகளையும் அனுப்பப்போவதில்லை. உங்கள் பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறேன்.

73 (வானொலிக்காரர்களின் வாழ்த்துக் குறி),
உங்கள் போட்டிகளில் தொடர்ந்து ஓடிவரும் ஒருவர்