குரங்குப் படத்தை அழித்துவிடுங்கள்: கொழும்புத் தமிழ்மொழிமூல உயிரியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆசிரியர்களுக்கு,

கூர்ப்பு அலகு தொடங்கியதும் பல வகுப்புகளில் பலகைக்கு வருவது ஒரே படந்தான்: குனிந்த குரங்கு படிப்படியாக நிமிர்ந்து மனிதனாகி நடக்கிறது. பின்வாங்கிலிருந்து வரும் கேள்வியும் ஒன்றேதான்: "அப்ப ஏன் சேர் இன்னும் குரங்கு இருக்கு?" பிழையான படத்துக்கு அது மிகச் சரியான கேள்வி. பிள்ளையை அதட்டாமல் படத்தை அழித்துவிட்டு, கிளைவிடும் மரம் ஒன்றைக் கீறுங்கள். ரிலவா எனப்படும் நம்மூர்ச் செங்குரங்கு நமக்குப் பாட்டன் அல்ல; அதன் கிளையும் நமது கிளையும் பிரிந்து ஏறத்தாழ இரண்டரை, மூன்று கோடி ஆண்டுகள் ஆகின்றன. சிம்பன்சியோடு 60, 70 இலட்சம் ஆண்டுகள். கோழியோடு 30 கோடிக்கு மேல். கிளை பிரியும் புள்ளியில் இன்று வாழும் எந்த உயிரின் பெயரையும் எழுத வேண்டாம். எழுதினால் பழைய ஏணி திரும்பவும் வந்துவிடும்.

அடுத்து எலும்பு. நுனி வெட்டாத கோழிச்சிறகு இரண்டு வாங்குங்கள். புரொயிலர் வேண்டாம்: ஆறு வாரக் குஞ்சின் எலும்பு முனைகள் இன்னும் கசியிழையந்தான், அவித்தால் கழன்றுபோகும். முற்றிய ஊர்க்கோழி நல்லது. தோலை உரித்து, மெல்லிய சூட்டில் இறைச்சி தானாக விடும்வரை அவித்து, பழைய பல்துலக்கியால் தேயுங்கள். வெளிற்றப் பாமசியில் கிடைக்கும் 3% ஐதரசன் பெரொட்சைட்டு போதும். குளோறின் எலும்பையே தின்றுவிடும். கொழும்பு ஈரத்தில் இரண்டு நாளாவது காயவிடாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். பிறகு மட்டையில் ஒட்டலாம்: மேற்கையில் ஒன்று, முன்கையில் இரண்டு, ஒட்டிப்போன உள்ளங்கை, மூன்று விரல்கள். பக்கத்தில் மனிதக் கையின் எக்ஸ்றே ஒன்று: இரண்டிலும் எலும்பின் அடிப்படை அமைப்பு ஒன்றே என்பது தெரியும். சைவப் பிள்ளைகளை எலும்பைத் தொடச்சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம். எக்ஸ்றேயும் படமும் அவர்களுக்குப் போதும்.

ஆனால் இங்கேயே நின்றுவிட்டால் பாடம் பாதியில் நிற்கும். "ஒரே கைவினைஞர் ஒரே மாதிரிச் செய்திருக்கலாமே" என்று ஒரு பிள்ளை கேட்கும். ஒப்புமை மட்டும் அதற்கு விடையாகாது. விடைத்தாள் திருத்துகிறவர்கள் நீங்கள்: இரண்டு தாளில் ஒரே சரியான விடை இருந்தால் சந்தேகப்படமாட்டீர்கள், ஒரே விசித்திரமான பிழை இருந்தால்?

அப்படியொரு பிழை விற்றமின் சி. பெரும்பாலான முலையூட்டிகள் அதை ஈரலில் தாமே தயாரிக்கின்றன. கடைசிப் படிக்கு எல்-குலோனோலாக்டோன் ஒட்சிடேசு என்ற நொதியம் வேண்டும். அதற்கான பரம்பரையலகு நம்மிடமும் உண்டு, எட்டாம் நிறமூர்த்தத்தில். ஆனால் பகுதிகள் பல தொலைந்து, வேலை செய்யாத இடிபாடாகக் கிடக்கிறது. அதனால்தான் தேசிக்காயும் நெல்லிக்காயும் நமக்குத் தேவை. சிம்பன்சியிலும் செங்குரங்குகளின் இனத்திலும் அதே பழுது. தேவாங்கின் கிளையிலோ அந்தப் பரம்பரையலகு இன்னும் வேலை செய்கிறது. ஆக, தேவாங்குக் கிளை பிரிந்துபோன பின்பு, நமக்கும் குரங்குகளுக்கும் பொதுவாயிருந்த ஒரு மூதாதையில் அது உடைந்திருக்கிறது. இரண்டும் வாழும் இந்தத் தீவில் இதைவிட நல்ல உதாரணம் எதற்கு? கினிப்பன்றியாலும் விற்றமின் சி தயாரிக்க முடியாது என்று ஒரு கெட்டிக்காரப் பிள்ளை சொல்லும். உண்மைதான், அது தனியாக நேர்ந்தது, உடைந்த விதம் வேறு. அந்த வேறுபாட்டையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

நேரம் இருந்தால் இரண்டாம் நிறமூர்த்தம். நிறமூர்த்தங்கள் நமக்கு 46, சிம்பன்சிக்கு 48: மூதாதையில் தனித்தனியாயிருந்த இரண்டு, நமது கிளையில் முனையோடு முனை ஒட்டி ஒன்றானதே நமது இரண்டாம் நிறமூர்த்தம். இரண்டு காகிதக் கீலங்களின் முனையில், நிறமூர்த்த முனைகளில் வரும் டி.என்.ஏ எழுத்துத் தொடரான டிடிஏஜிஜிஜி என்பதைத் திரும்பத் திரும்ப எழுதி, முனையோடு முனை ஒட்டச் சொல்லுங்கள். பிள்ளைகள் இரு பக்கமும் ஒரே எழுத்துகளாகவே வாசிப்பார்கள், அது பிழை. மறுபாதி திரும்பி நிற்பதால் அதே இழையில் அது சிசிசிடிஏஏ என்று வரும். முனையில் மட்டும் இருக்கவேண்டிய இந்தத் தொடர், சற்றுச் சிதைந்த நிலையில், நமது இரண்டாம் நிறமூர்த்தத்தின் நடுப்பகுதியில் கிடக்கிறது.

வாழைப்பழத்திலிருந்து டி.என்.ஏ எடுக்கும் செய்முறை பிள்ளைகளுக்குப் பிடிக்கும், செய்யுங்கள். அரைப் பழத்தை மசித்து, 100 மில்லிலீற்றர் நீர், ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம், அரைத் தேக்கரண்டி உப்பு சேர்த்து மெல்லக் கலக்கி, துணியில் வடித்து, குளிரூட்டிய ஸ்பிரிட்டைக் கிளாசின் ஓரமாக ஊற்றவேண்டும். 70% ஸ்பிரிட்டில் பெரும்பாலும் சரிவராது. 90%க்கு மேல் கேட்டு வாங்குங்கள். நுரை வர அடித்தால் இழை அறுந்துவிடும். மேலே வரும் வெண்பஞ்சு முழுவதும் டி.என்.ஏ அல்ல, பெக்ரினும் கலந்தது. கையோடு "மனிதனும் வாழையும் 50% ஒன்று" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். எமது பரம்பரையலகுகளில் பலவற்றுக்கு வாழையில் உறவான பரம்பரையலகு உண்டு என்பதே அதன் கரு. எழுத்துக்கு எழுத்துப் பாதி ஒன்று என்பதல்ல. சிம்பன்சியோடு சொல்லப்படும் 98.8 வீதம் வேறு வகைக் கணக்கு: பொருத்தி வாசிக்கக்கூடிய பகுதிகளில் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டது. இரண்டையும் ஒரே அட்டவணையில் போட்டால் பிள்ளைகள் குழம்பிப்போவார்கள்.

இத்தனைக்கும் நான்கு பாடவேளை வேண்டும். தவணையின் கடைசி வாரத்துக்கு இந்த அலகைத் தள்ளிவைக்காதீர்கள்.

இப்படிக்கு,
உயிரியல் கற்பிப்போர் சிலர்
வெள்ளவத்தை, கொழும்பு 06