மகனுக்கு, லீட்ஸிலிருந்து

கண்ணா,

செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்குக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாய். பின்னால் ஆபீஸ் சத்தமே இல்லை, பக்கத்து வீட்டு நாய் குரைப்பதுதான் கேட்டது. நான் ஒன்றும் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. சரி. நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

அப்பாவுக்கு முழங்கால் தேவலை. ஞாயிற்றுக்கிழமை இருவரும் வார்ரம் பெர்சிக்கு, யார்க்‌ஷயரில் ஆளில்லாமல் போன அந்தப் பழைய ஊருக்குப் போய் வந்தோம். கார் நிறுத்தும் இடத்திலிருந்து முக்கால் மைல் நடக்க வேண்டுமே, மெதுவாக நடந்தே வந்துவிட்டார். அந்த ஊரைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் நீ எழுதிய கட்டுரை இன்னும் என் பீரோவில் இருக்கிறது. "பிளேக் வந்தது, எல்லாரும் செத்துப்போனார்கள்" என்று முடித்திருப்பாய். டீச்சர் தங்க நட்சத்திரம் ஒட்டியிருந்தார். வருகிறவர்களிடமெல்லாம் எடுத்துக் காட்டினேன். ஆனால் நடந்தது அப்படியில்லை, கண்ணா.

1349-ல் பிளேக் வந்தது உண்மைதான், பலர் போனார்கள். மிச்சம் இருந்தவர்கள் மறுபடி ஏர் பூட்டினார்கள், கல்யாணம் செய்தார்கள், பிள்ளை பெற்றார்கள். இன்னும் நூற்றைம்பது வருஷம் அந்த ஊர் இருந்தது. அதைக் காலி செய்தது ஆடு. பிளேக்குக்குப் பிறகு கூலி ஏறிவிட்டது, கம்பளிக்கோ நல்ல விலை. உழுவதற்கு ஊரே வேண்டும், மேய்ப்பதற்கு ஓர் இடையனும் ஒரு நாயும் போதும். நிலம் ஹில்டன் பிரபுவுடையது. 1500-ஐ ஒட்டிக் கடைசியாக இருந்த குடும்பங்களையும் கிளப்பிவிட்டார்கள். 1517-ல் அரசாங்கம் விசாரணை வைத்தபோது நான்கு வீடும் நான்கு ஏரும் போயின என்று எழுதிக்கொண்டார்கள், அவ்வளவுதான். அந்த நான்கு வீட்டுக்காரர்கள் உழத் தெரியாமலா போனார்கள்? தலைமுறை தலைமுறையாக அந்தச் சுண்ணாம்பு மண்ணில் பயிர் எடுத்தவர்கள். எவனோ எங்கோ உட்கார்ந்து கூட்டிக் கழித்துப் பார்த்ததில் இவர்கள் வேண்டாதவர்களாகிவிட்டார்கள். நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரமாக வருகிறது.

அவர்கள் வெட்கப்பட வேண்டியது எதுவும் இல்லை. அதைத்தான் அப்பாவிடமும் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "அவனுக்கு எழுது" என்றார்.

அங்கே மிச்சமிருக்கும் பழைய தேவாலயமான மார்ட்டின் கோயிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தோம். ஜனம் குறையக் குறையப் பக்கவாட்டுக் கூடங்களை இடித்து, வளைவுகளுக்கு நடுவே கல் வைத்து அடைத்துக் கோயிலைச் சின்னதாக்கியிருக்கிறார்கள். அந்த வளைவுகள் இன்னும் சுவரில் தெரிகின்றன. ஊர் போன பிறகும் பக்கத்து ஊரான திக்ஸண்டேல்காரர்கள் நடந்து வந்து அங்கேதான் கும்பிட்டார்கள், 1870-ல் அவர்களுக்கென்று ஒரு கோயில் வரும்வரை. கோபுரம் பாதி இடிந்ததே 1959-ல்தான்.

நம் லீட்ஸ் பல்கலைக்கழகத்து வரலாற்றாசிரியர் பெரெஸ்ஃபோர்டும், தொல்லியலாளர் ஹர்ஸ்ட்டும் 1950 முதல் 1990 வரை கோடைதோறும் அங்கே தோண்டினார்கள். ஒரே மனையில் வீட்டை இடித்து இடித்துத் திரும்பத் திரும்பக் கட்டியிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். ஒரு முறை சுவர் இப்படி, அடுத்த முறை சற்றுத் தள்ளி. அந்த இடத்தில் நின்றபோது உன்னை நினைத்துக்கொண்டேன்.

அங்கிருந்து கிளம்பியவர்கள் எங்கே போயிருப்பார்கள்? அக்கம்பக்கத்து ஊர்களுக்குத்தான், சொந்தக்காரர் வீட்டுக்குத்தான். கதவைத் தட்டியிருப்பார்கள். தட்டாமல் எப்படித் திறப்பது, சொல்.

அக்கா என்னிடம் எதுவும் சொல்லவில்லை. அவளிடம் சண்டைக்குப் போகாதே. உனக்குத்தான் சின்ன வயதிலிருந்தே இந்தப் பழக்கம், காய்ச்சல் வந்தால்கூட மறைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போவாய். அப்போது என் கை உன் நெற்றிக்கு எட்டியது. இப்போது லண்டன்வரை எட்டவில்லையே. நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி வெகுநேரம் முழித்திருக்காதே. வாடகை விஷயம் ஏதாவது இருந்தால் அப்பாவிடம் சொல், என்னிடம் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. அந்தப் பணம் உனக்காக வைத்ததுதான்.

வெள்ளிக்கிழமை சாயங்கால ரயிலுக்கு டிக்கெட் போட்டு உன் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். திரும்பும் டிக்கெட் போடவில்லை, அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அப்பா ஸ்டேஷனுக்கு வருவார். காரில் உன்னை ஒன்றும் கேட்கமாட்டார், நான் சொல்லி வைத்திருக்கிறேன்.

அம்மா