பெயர் போட வேண்டாம் என்ற அண்ணனுக்கு

கடலூரிலிருந்து புதுச்சேரி திரும்பும்போது தவளக்குப்பம் அருகே என் பழைய அம்பாசடரின் இரண்டு ஹெட்லைட்டும் அணைந்தன. பைக்கை ஓரங்கட்டி வந்தீர்கள் அண்ணே.

குரோம் வளையத்தைக் கழற்றி, உள்வளையத்தின் சின்ன ஸ்க்ரூக்களை மட்டும் எடுத்தீர்கள். "பக்கத்துல இருக்கறது வெளிச்சத்த ஏத்தி இறக்கறது, அதத் தொட்றாதீங்க." கறுப்பு எர்த் ஒயர் பச்சை பூத்துக் கிடந்தது. கடற்காற்று ஊர் வண்டிக்கு வேறென்ன வரும்! துருவைச் சுரண்டிப் புது எர்த் கொடுத்ததும் விளக்கு எரிந்தது.

அத்தோடு போயிருக்கலாம். மறுநாள் வீட்டுக்கே வந்து ரிலே போட்டீர்கள், சின்ன கரண்டை வைத்துப் பெரிய கரண்டை ஆன்-ஆஃப் செய்யும் சுவிட்ச். 12 வோல்ட்டில் 55 வாட் பல்பு இரண்டென்றால் 9 ஆம்பியருக்கு மேல். அத்தனையும் அந்தக் காலத்து சுவிட்ச் வழியே போனால் சூடாகத்தானே செய்யும்? இப்போது சுவிட்ச் ரிலேயைத் தூண்டினால் போதும், பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வழியே கரண்ட் நேராக வருகிறது. ஹை பீமுக்கு நீலம்-வெள்ளை, டிப்புக்கு நீலம்-சிவப்பு என்ற பழைய ஒயர் நிறங்களையும் மாற்றவில்லை. கையில் கிடைத்த ஒயரை முறுக்கிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம்.

காசு வாங்கவில்லை, டீ மட்டும்தான். ரொம்ப நன்றி அண்ணே. உங்கள் டெஸ்டர் என் டிக்கியில் இருக்கிறது. எங்கே கொண்டுவந்து தரட்டும்?