மருந்தையும் அளக்கும் கருவியையும் ஒருசேர மாற்றி அனுப்பியமை பற்றிய முறைப்பாடு

கோப்பாய்,
யாழ்ப்பாணம்.

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கொழும்பு.

ஐயா / அம்மணி,

விடயம்: பயோசிமிலர் இன்சுலினும் புதிய குளுக்கோஸ் சென்சரும் முன்னறிவித்தலின்றி அனுப்பப்பட்டமை

எழுபது வயதைக் கடந்த என் தாயார் இரவில் ஏற்றிக்கொள்ளும், நீண்ட நேரம் வேலைசெய்யும் கிளார்ஜின் இன்சுலினையும், சீனி பார்க்கும் கருவிக்குரிய பொருட்களையும் பல ஆண்டுகளாகத் தங்களிடமிருந்தே வாங்கி வருகிறோம். கடந்த மாதம் வந்த பொதியில் வழமையான இன்சுலினுக்குப் பதிலாக வேறொரு நிறுவனம் மூல மருந்தை மிக நெருங்கி ஒத்ததாகத் தயாரித்த மாற்று மருந்தான பயோசிமிலர் கிளார்ஜினும், விரல்நுனியில் குத்திப் பார்க்கும் கருவிக்குப் பதிலாகக் கையில் ஒட்டும் சென்சரும் அதன் வாசிப்புக் கருவியும் இருந்தன. “பழையவை இனி வராது” என்ற ஒற்றை வரிக் குறுஞ்செய்தியைத் தவிர, எமக்கோ அம்மாவைப் பார்க்கும் வைத்தியருக்கோ எந்த அறிவித்தலும் தரப்படவில்லை.

பயோசிமிலர் என்பதற்காக நான் முறையிடவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2014 ஆம் ஆண்டிலேயே ஐரோப்பாவில் பயோசிமிலர் கிளார்ஜினுக்கு அனுமதி கிடைத்துவிட்டது. 2021 இல் அமெரிக்காவும், வைத்தியரிடம் மீண்டும் கேளாமலே மருந்தாளர் மாற்றிக் கொடுக்கக்கூடிய கிளார்ஜின் ஒன்றுக்கு அனுமதி அளித்தது. விலை குறைந்த இன்சுலின் வருவது எங்களைப் போன்ற குடும்பங்களுக்குப் பெரிய ஆறுதல். இதனை அறிந்தபின் வைத்தியரும் மில்லிலீட்டருக்கு 100 அலகு கொண்ட அதே செறிவா என்று பார்த்துவிட்டு, அளவை மாற்றாமல் தொடரலாம் என்றும், முதற் சில வாரங்கள் சீனியை அடிக்கடி பார்த்துக் குறித்து வரும்படியும் சொன்னார்.

அப்படிக் குறித்துவரத்தான் எங்களால் முடியவில்லை. அரிசியையும் அதை அளக்கும் கொத்தையும் ஒரே நாளில் மாற்றிவிட்டால், குறைந்தது எது என்று எவராலும் சொல்ல முடியாது. காலையில் சீனி கூடிக் காட்டுகிறது என்று தங்கள் தொலைபேசிச் சேவையில் முறையிட்டபோது, சென்சர் அப்படித்தான் சற்று வேறுபடும் என்றார்கள். சென்சரைப் பற்றிக் கேட்க மறுபடி அழைத்தபோது, புதிய இன்சுலின் உடம்புக்குப் பழக நாட்செல்லும் என்றார்கள். இரண்டு பதில்களையும் தந்தது ஒரே நிறுவனம்.

இதைவிடப் பாரதூரமானது அலகுப் பிரச்சினை. இங்கே கிளினிக் கொப்பியிலும் ஆய்வுகூட அறிக்கையிலும் சீனியின் அளவு டெசிலீட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்றே எழுதப்படுகிறது. அம்மாவுக்கு 120, 180 என்ற எண்கள்தான் பழக்கம். தாங்கள் அனுப்பிய வாசிப்புக் கருவியோ லீட்டருக்கு மில்லிமோல் கணக்கில் மட்டுமே காட்டுகிறது. மாற்றும் வசதியும் அதில் இல்லை. ஓரிரவு அது ஒலியெழுப்பி 3.6 என்று காட்டியபோது, கருவி பழுதாகிவிட்டது என்று எண்ணி அம்மா அதை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டார். அந்த எண்ணை 18 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 65. உடனே சீனித்தண்ணீர் குடித்திருக்க வேண்டிய நிலை. வியர்த்துக் கை நடுங்கி அவர் என்னை எழுப்பியதால்தான் விபரீதம் நேரவில்லை. அந்த அதிர்ச்சி எனக்கு இன்னும் தீரவில்லை.

சென்சரைக் கொண்டுவந்த தங்கள் விற்பனைப் பிரதிநிதி, இனி விரலில் குத்தவே வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிச் சென்றார். சென்சர் அளப்பது இரத்தத்தை அல்ல, தோலுக்குக் கீழுள்ள திரவத்தை. சீனி வேகமாக ஏறும்போதோ இறங்கும்போதோ அது சில நிமிடங்கள் பின்தங்கும். உடல் சொல்வதும் திரை காட்டுவதும் பொருந்தாவிட்டால் விரலில் குத்திப் பார்த்தே ஆகவேண்டும். சென்சர் இருக்கும் கையை அழுத்திப் படுத்தால் அளவு பொய்யாகக் குறைந்து காட்டக்கூடும் என்பதையும் வைத்தியரிடமிருந்தே அறிந்தோம். பொதியிலிருந்த துண்டுப்பிரசுரத்தில் ஒரு வரிகூடத் தமிழில் இல்லை. சென்சரும் 14 நாட்களுக்கு உரியது என்று பெட்டியில் இருக்க, அதற்கு முன்பே வியர்வையில் கழன்றுவிட்டது. மாற்றித் தர மறுத்துவிட்டார்கள்.

பொதி வந்து சேர்ந்த விதத்தையும் சொல்ல வேண்டும். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 பாகை செல்சியசில் இருக்க வேண்டியது. கொழும்பிலிருந்து வந்த பெட்டியில் ஐஸ் பொதி முழுவதும் உருகி, வெதுவெதுப்பாக இருந்தது. வெப்பத்தால் வீரியம் குறைந்த இன்சுலின் கண்ணுக்குத் தெளிவாகவே தோன்றக்கூடும் என்பதால், காலைச் சீனி கூடியதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம் என்ற சந்தேகம் எங்களுக்கு உண்டு.

எனவே, மில்லிகிராமில் காட்டும் வாசிப்புக் கருவியையும், கழன்ற சென்சருக்கு மாற்றையும், குளிர்நிலை பேணி அனுப்பப்பட்ட புதிய இன்சுலினையும் மேலதிகக் கட்டணமின்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். அம்மா புதிய முறைக்குப் பழகும்வரை பழைய கருவிக்குரிய ஸ்ட்ரிப்களையும் தொடர்ந்து வழங்க வேண்டும். தமிழில் பாவனைக் குறிப்பு அச்சிடுவதும், மில்லிமோல் கருவியைப் பெற்ற ஏனைய வடபகுதி வாடிக்கையாளர்களைத் தொலைபேசியில் அழைத்து எச்சரிப்பதும் தங்கள் கடமை. பின்னையதை இந்த வாரத்திலேயே செய்யுங்கள், ஏனெனில் தனியே வசிக்கும் முதியவர்கள் இங்கே பலர்.

14 நாட்களுக்குள் எழுத்துமூலப் பதில் கிடைக்காவிடின், தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையிடமும் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையிடமும் முறைப்பாடு செய்வேன். பற்றுச்சீட்டின் பிரதியும், இன்சுலினின் தொகுதி இலக்கமும், கருவித் திரையின் புகைப்படமும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

இங்ஙனம்,
உண்மையுள்ள,
(ஒப்பம்)
வாடிக்கையாளரின் மகள்